அனல் தணிந்த பின்பு: ஆவிக்குரிய முதிர்ச்சியைப் பற்றி ஓசூர்த் தம்பிக்கு எழுதிய பதில்

பர்கூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து, ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் மூன்று ஷிப்டிலும் மாறி மாறி வேலை செய்யும் தம்பி ஒருவர் எனக்கு எழுதிய கேள்வியின் சாரம் இது. "ஞானஸ்நானம் பெற்று ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் ஜெபிக்க உட்கார்ந்தால் கண்ணீர் வரும், நேரம் போவதே தெரியாது. இப்போது பத்து நிமிடம் உட்கார முடியவில்லை. என்னோடு ஞானஸ்நானம் பெற்றவர்கள் அந்நியபாஷை (ஆவியின் ஏவுதலால் ஜெபத்தில் வரும் அறியாத மொழி) பேசுகிறார்கள், தரிசனம் சொல்கிறார்கள். நான் பின்வாங்கிப் போனேனா? ஆவிக்குரிய முதிர்ச்சி என்றால் என்ன? தேவனிடம் நெருங்க நான் என்ன செய்ய வேண்டும்?" கடிதத்தின் கடைசியில் இன்னொரு வரியும் இருந்தது: மாந்தோப்புக் குத்தகைப் பணத்தைப் பற்றிய மனத்தாங்கலால் அண்ணனோடு மூன்று ஆண்டுகளாகப் பேச்சு இல்லை, அந்த நினைவு வந்து வந்து ஜெபத்தில் மனம் நிற்பதில்லை என்று.

தம்பி, நீங்கள் முதலில் எழுதியதைவிடக் கடைசியில் எழுதிய அந்த வரியே என்னை அதிகம் யோசிக்க வைத்தது. அதைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். முதிர்ச்சி என்ற சொல்லை வேதம் எப்படிக் கையாள்கிறது என்று பார்த்தால்தான் நீங்கள் உங்களை எந்த அளவுகோலால் அளக்கிறீர்கள் என்பதும், அந்த அளவுகோல் சரியா என்பதும் தெரியும்.

புதிய ஏற்பாட்டின் மூலமொழியாகிய கிரேக்கத்தில் முதிர்ந்தவரைக் குறிக்க வரும் முக்கியமான சொல் 'தெலெயோஸ்'. தன் இலக்கை எட்டியது, முழுமையானது, வளர்ந்து ஆளானது என்றெல்லாம் அதற்குப் பொருள் உண்டு. நம்முடைய பழைய தமிழ் வேதாகமம் அதை இடத்துக்குத் தகுந்தபடி வெவ்வேறு விதமாகத் தந்திருக்கிறது. மலைப்பிரசங்கத்தில் 'பூரண சற்குணர்' என்றும், எபிரெயர் நிருபத்தில் 'பூரண வயதுள்ளவர்கள்' என்றும், பவுலின் நிருபங்களில் சில இடங்களில் 'தேறினவர்கள்' என்றும் வருகிறது. இவற்றில் 'தேறினவர்' என்ற சொல் எனக்கு மிகவும் பிடித்தது. நோயிலிருந்து எழுந்தவனைத் தேறினான் என்கிறோம், பரீட்சையில் வென்றவனைத் தேறினான் என்கிறோம், துக்கத்திலிருந்து மீண்டவளையும் மனம் தேறினாள் என்கிறோம். மூன்றிலும் ஏதோ ஒன்றைக் கடந்து வந்திருக்க வேண்டும் என்ற பொருள் உள்ளே இருக்கிறது. எதையும் கடக்காமல் ஒருவர் தேறினார் என்று தமிழில் சொல்லவே முடியாது.

இந்தச் சொற்கள் வரும் இடங்களைச் சூழலோடு வாசித்துப் பாருங்கள். "உங்கள் பிதா பூரண சற்குணராயிருக்கிறதுபோல, நீங்களும் பூரண சற்குணராயிருக்கக்கடவீர்கள்" என்று மத்தேயு 5:48 சொல்கிறது. தனியாக எடுத்து வாசித்தால் எட்ட முடியாத கட்டளையாகத் தோன்றி அச்சுறுத்தும் வசனம் இது. ஆனால் அதற்கு முன்னால் ஐந்து வசனங்களிலும் இயேசு பேசுவது சத்துருவை நேசிப்பதைப் பற்றி. தீயோர்மேலும் நல்லோர்மேலும் சூரியனை உதிக்கப்பண்ணி, நீதியுள்ளவர்கள்மேலும் அநீதியுள்ளவர்கள்மேலும் மழையைப் பெய்யப்பண்ணுகிற பிதாவைப் பற்றி. மானாவாரியை நம்பி ராகி விதைக்கிற நம் ஊர்க்காரர்களுக்கு இந்த உவமையின் கனம் உடனே புரியும்: வானம் பொழியும்போது வரப்புக்கு இந்தப் பக்கம் நனைந்து அந்தப் பக்கம் காய்வதில்லை. அப்படி ஆள் பார்க்காத அன்பைத்தான் இயேசு அங்கே பூரணம் என்கிறார். ஜெபத்தில் ஒருவருக்கு என்ன உணர்ச்சி வர வேண்டும் என்பதைப் பற்றி அந்தப் பகுதியில் ஒரு வார்த்தையும் இல்லை.

அடுத்தது பவுல் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபம். உங்கள் நண்பர்களைப் பார்த்து நீங்கள் சோர்ந்துபோவதற்கு நேரான பதில் அங்கே இருக்கிறது. அந்தச் சபையார் எந்த வரத்திலும் குறைவில்லாதவர்கள் என்று முதல் அதிகாரத்திலேயே பவுல் ஒப்புக்கொள்கிறார். அந்நியபாஷை, தீர்க்கதரிசனம் எல்லாம் அங்கே நிறைந்திருந்தன. ஆயினும் மூன்றாம் அதிகாரத்தில் அதே ஆட்களைக் 'கிறிஸ்துவுக்குள் குழந்தைகள்' என்றும், பலமான ஆகாரத்தைத் தாங்காததால் பால் குடிக்கக் கொடுத்தேன் என்றும் எழுதுகிறார். வரங்கள் இருந்தும் குழந்தைகளாக இருப்பது எப்படி? அவர்களுக்குள்ளே பொறாமையும் வாக்குவாதமும் பேதகங்களும் இருந்ததே அதற்குச் சான்று என்று அவரே காரணம் காட்டுகிறார். வரம் கொடுக்கப்படுவது, அது ஒரே நாளில் வரலாம். கலாத்தியர் 5-இல் சொல்லப்படும் ஆவியின் கனி விளைவது. அதற்குப் பருவம் வேண்டும். அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடிய பொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம் என்ற அந்த ஒன்பதில் பெரும்பாலானவை பக்கத்தில் இன்னொரு மனிதர் இல்லாமல் விளையவே முடியாதவை. நான் வரங்களைக் குறைத்துப் பேசவில்லை. உங்கள் நண்பர்களுக்குக் கிடைத்திருப்பது மெய்யாகவே தேவன் தந்ததாக இருக்கலாம். அதை முதிர்ச்சியின் அளவாக எடுத்துக்கொண்டதில்தான் நீங்கள் தவறினீர்கள்.

மூன்றாவது இடம் பிலிப்பியர் 3. சிறையிலிருந்து எழுதும் பவுல், 12-ஆம் வசனத்தில் "முற்றும் தேறினவனானேன் என்று எண்ணாமல்" ஆசையாய்த் தொடருகிறேன் என்கிறார். மூன்றே வசனம் தாண்டி, 15-இல், "நம்மில் தேறினவர்கள் யாவரும் இந்தச் சிந்தையாயிருக்கக்கடவோம்" என்கிறார். நான் தேறவில்லை என்றவர் அடுத்த மூச்சிலேயே தேறினவர்களோடு தம்மையும் சேர்த்துப் பேசுகிறார். இது முரண் என்று பல நாள் நினைத்திருந்தேன். இன்னும் எட்டவில்லை என்று அறிந்தும் விடாமல் தொடருகிறவனையே அவர் தேறினவன் என்கிறார் என்பது பிந்தித்தான் எனக்கு விளங்கியது. அப்படியானால், "நான் வளரவில்லையோ" என்று உள்ளம் நொந்து எழுதிய உங்கள் கடிதமே உங்களுக்கு எதிரான சாட்சி அல்ல. பின்வாங்கிப் போனவனுக்கு அந்த நோவு இருக்காது.

இனி வறட்சியைப் பற்றி. இதில் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லும் ஊழியர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். ஜெபம் வறண்டால் மறைவான பாவம் இருக்கிறது என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள். அந்த வாக்கியத்தால் நொறுங்கிப்போன நல்ல விசுவாசிகள் உண்டு. சங்கீதம் 88-ஐ அவர்கள் நிதானமாக வாசிக்க வேண்டும் என்பது என் விருப்பம். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் ஏதோ ஓரிடத்தில் நம்பிக்கைக்கோ துதிக்கோ திரும்பும். 88 அப்படித் திரும்பாமல் இருளிலேயே முடிகிறது. அதையும் ஜெபமாக வேதம் நமக்குத் தந்திருக்கிறது.

சங்கீதம் 131 இன்னும் நெருக்கமானது. மூன்றே வசனம். "தாயின் பால்மறந்த குழந்தையைப்போல நான் என் ஆத்துமாவை அடக்கி அமரப்பண்ணினேன்" என்கிறது. நம் வீடுகளில் பால் மறக்கடிக்க அம்மாக்கள் என்ன செய்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். வேப்பங்கொழுந்தை அரைத்து மார்பில் தடவிக்கொள்வார்கள். குழந்தை கசப்பை உணர்ந்து வீறிட்டு அழும். அம்மா தன்னை வெறுத்துவிட்டாள் என்றே அது நினைத்திருக்கக்கூடும். அந்த இரவுகளில் அவள் அதை முன்னைவிட இறுக்கமாக அணைத்துக்கொண்டு விழித்திருப்பது அதற்குத் தெரியாது. ஸ்பெயின் நாட்டுக் கர்மேல் துறவியான சிலுவையின் புனித யோவான் (1542–1591) இதே உவமையைப் பயன்படுத்தியிருப்பதைப் பின்னாளில் வாசித்தபோது வியந்துபோனேன். தாய் தன் மார்பில் கசப்பான கற்றாழைச் சாற்றைத் தடவி, கையிலிருந்து பிள்ளையை இறக்கித் தன் காலால் நடக்க வைப்பதுபோல, தொடக்க காலத்து இனிமைகளைத் தேவன் எடுத்துவிடுகிறார் என்று அவர் எழுதினார். 1577-ஆம் ஆண்டின் இறுதி முதல் தம் சொந்தச் சபைத் துறவிகளாலேயே தொலேதோ நகரில் ஒன்பது மாதங்கள் சிறிய அறையொன்றில் அடைக்கப்பட்டிருந்தவர் அவர். வறட்சியைப் பற்றி வெளியில் நின்று பேசியவர் அல்லர்.

எல்லா வறட்சியும் இப்படிப்பட்டதல்ல என்பதையும் அவரே சொல்கிறார். வறட்சி தேவனால் வந்ததா, நம்முடைய அசட்டையால் வந்ததா என்று பிரித்தறிய அவர் காட்டும் அடையாளங்களில் ஒன்று எனக்குப் பலமுறை உதவியிருக்கிறது. அசட்டையால் வறண்டவனுக்கு ஜெபத்தில் ருசி போயிருக்கும், உலக காரியங்களில் ருசி கூடியிருக்கும். தேவனைக் குறித்த கவலையும் இருக்காது. மற்றவனுக்கோ இரண்டிலுமே ருசி இராது, ஆனால் "நான் அவருக்கு உண்மையாக இல்லையே" என்ற உறுத்தல் மட்டும் ஓயாது. உங்கள் கடிதத்தில் நான் கண்டது இரண்டாவது வகை.

உடலின் சோர்வு என்ற காரணமும் இருக்கிறது. ஒரு வாரம் காலை ஆறு மணிக்கு, மறுவாரம் மதியம் இரண்டு மணிக்கு, அதற்கடுத்த வாரம் இரவு பத்து மணிக்கு என்று மாறும் உடல் எப்போதுமே தூக்கக் கடனில் இருக்கும். எலியா சூரைச்செடியின் கீழே படுத்துச் சாக வேண்டும் என்று கேட்டபோது (1 இராஜாக்கள் 19) தேவதூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, உபதேசமும் செய்யவில்லை. தட்டியெழுப்பித் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடியும் தூங்கவிட்டான், இரண்டாம் முறையும் சாப்பிடச் சொன்னான். கர்த்தருடைய மெல்லிய சத்தம் அதற்கெல்லாம் பிறகுதான் வந்தது. ஆகையால் இரவு ஷிப்ட் வாரத்தில் உபவாசம் வேண்டாம். தூக்கம், பசி, வேலை, வீடு என எல்லாவற்றிலும் வாரக்கணக்காக விருப்பமற்றுப் போயிருந்தால், அதைப் பாவம் என்று எண்ணி ஒளிக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன, 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். மருந்து சாப்பிடுவதால் ஒருவருடைய விசுவாசம் குறைந்துபோவதில்லை.

இப்போது அண்ணனிடம் வருகிறேன். அந்த மனத்தாங்கல் ஜெபத்தைக் கெடுக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். ஜெபத்துக்கு இடையூறாக வரும் ஈயை விரட்டுவதுபோல அதை விரட்ட வழி கேட்கிறீர்கள். தம்பி, உங்கள் ஜெபத்துக்குள் தேவன் இப்போது பேசிக்கொண்டிருப்பதே அதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. "நீ பலிபீடத்தினிடத்தில் உன் காணிக்கையைச் செலுத்த வந்து, உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே நினைவுகூருவாயாகில்" என்று இயேசு தொடங்குவதைக் கவனியுங்கள். நினைவு வருவது பலிபீடத்தின் முன்னால்தான். காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய், முன்பு சகோதரனோடு ஒப்புரவாகி, பின்பு வந்து செலுத்தச் சொல்கிறார். இதைக் கேட்டவர்களில் பலர் கலிலேயர்கள். அவர்களுடைய பலிபீடமோ எருசலேமில், பல நாள் நடைப்பயணத் தூரத்தில் இருந்தது. அவ்வளவு தூரம் வந்தவனைத் திரும்பிப் போகச் சொல்கிறார் என்றால், அந்தக் காரியம் அவருக்கு எவ்வளவு பெரியது என்று எண்ணிப் பாருங்கள். யோவானும் தம் முதல் நிருபத்தில் சுற்றி வளைக்காமல் கேட்கிறார்: "தான் கண்ட சகோதரனிடத்தில் அன்புகூராமலிருக்கிறவன், தான் காணாத தேவனிடத்தில் எப்படி அன்புகூருவான்?"

இதை வெறும் உபதேசமாகச் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன்பு சபைக் கமிட்டியில் ஒரு கணக்கு விஷயமாக என்மேல் ஒருவர் வீண்பழி சுமத்தினார். பழி பொய்யென்று தெரிந்த பிறகும் அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நான்கு ஆண்டுகள் நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை; ஒரே ஆலயத்தில், ஒரே திருவிருந்தில் பங்குபெற்றுக்கொண்டே பார்க்காமல் இருந்தேன். அந்த நான்கு ஆண்டுகளும் ஓய்வுநாள் பள்ளியில் அழகாகப் பாடம் நடத்தினேன், அதிகாலையில் எழுந்து ஜெபித்தேன், முதிர்ந்த விசுவாசி என்று பெயர் வாங்கினேன்.

எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருந்தார். புளிச் சீசனில் மண்டியிலிருந்து வரும் புளியை உடைத்துக் கொட்டை நீக்கும் கூலி வேலை செய்வார். எழுத்து தெரியாது. ஒருநாள் அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு கூறாகப் புளியை எடுத்து உடைக்கும்போது உதடு அசைந்துகொண்டே இருந்தது. என்ன பாட்டி என்றேன். "ஒவ்வொருத்தர் பேரையும் ஆண்டவருக்கிட்ட சொல்லிக்கிட்டிருக்கேன்பா" என்றார். யார் யார் என்று கேட்டபோது சொல்லிக்கொண்டே வந்தவர், தன் மகளை இரண்டு பிள்ளைகளோடு விட்டுவிட்டுப் போன மருமகன் பெயரையும் சொன்னார். அவனுக்காகவுமா என்றேன். "அவன் பேரைச் சொல்லும்போதுதான் கை நின்னு போவும். நின்னா நான் விடமாட்டேன், அவன் பேரையே சொல்லிச் சொல்லி அடுத்த புளிய எடுப்பேன்" என்றார். நான் வீட்டுக்கு வந்து, பழி சுமத்தியவரின் பெயரை ஜெபத்தில் சொல்ல முயன்றேன். அன்று வரவில்லை. அவர் பெயரை முழுதாகச் சொல்லி ஒரு நன்மையைக் கேட்க எனக்கு இரண்டு மாதங்கள் ஆயின. அவர் வீட்டுப் படி ஏற இன்னும் ஓராண்டு ஆயிற்று. அதிகாலை ஜெபத்தில் நான் தேடித் திரிந்த நெருக்கம், அந்த வாசலில் நின்று கதவைத் தட்டிய அரை நிமிடத்தில் இருந்த அளவுக்கு வேறெங்கும் எனக்கு இருந்ததில்லை.

ஒப்புரவு என்பதைத் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. குத்தகைப் பணத்தில் உங்களுக்கு நியாயமான பங்கு இருந்தால் அதை விட்டுக்கொடுத்துத்தான் தீர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விட்டுக்கொடுப்பதும் கேட்டு வாங்குவதும் நீங்கள் தீர்மானிக்க வேண்டியவை. கணக்கைப் பெரியவர் ஒருவரை வைத்துப் பேசலாம். பகையைச் சுமப்பதும் பங்கைக் கேட்பதும் வெவ்வேறு காரியங்கள். அண்ணன் இணங்காமலும் போகலாம். அதை அறிந்துதான் பவுல் "கூடுமானால் உங்களாலானமட்டும்" சமாதானமாயிருங்கள் என்று எல்லை வகுத்து எழுதினார். உங்களால் ஆன மட்டும் செய்துவிட்டால் உங்கள் பங்கு முடிந்தது.

தோப்பு வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை நீங்கள். ஒட்டு மாங்கன்றைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. முதல் மூன்று ஆண்டுகள் வரும் பூங்கொத்தைக் கிள்ளிவிடுவதும், ஒட்டுக்குக் கீழே அடிக்கன்றிலிருந்து துளிர்ப்பதை அவ்வப்போது நீக்குவதும் உங்களுக்குப் பழக்கம். அந்தக் கீழ்த்துளிர் பார்க்கப் பசுமையாகத்தான் இருக்கும். விட்டுவைத்தால் நாம் ஒட்டிய செந்தூராவின் பலத்தையெல்லாம் அது உறிஞ்சிக்கொள்ளும். மரம் செத்துவிடாது, வளரவும் செய்யும், ஆனால் காய்ப்பது நாட்டுக் காயாக இருக்கும். கோபம், ஒப்பிட்டுப் பார்ப்பது, புகழுக்கு ஏங்குவது ஆகியவை என்னிடத்தில் இப்படித்தான் துளிர்க்கின்றன. அறுபது வயதைக் கடந்தும் துளிர்க்கின்றன.

அன்றாடப் பழக்கங்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்குத் தெரியாதது அதில் அதிகம் இல்லை. ஜெப நேரத்தைக் கடிகாரத்தோடு கட்டாமல் ஷிப்டோடு கட்டுங்கள்: வேலைக்குப் புறப்படும் முன் ஒரு சங்கீதம், வேலை முடிந்து கம்பெனிப் பேருந்தில் ஏறியதும் அன்றைய நாளில் யாரிடம் எப்படி நடந்துகொண்டேன் என்று தேவனுக்கு முன்பாக ஒரு பார்வை. வார்த்தை வறண்ட காலத்தில் சொந்த வார்த்தைகளைத் தேடிக் களைக்காமல் சங்கீதங்களைக் கடன் வாங்குங்கள். ஆங்கிலிக்கன் சபையின் பொது ஜெபப் புத்தகம் 150 சங்கீதங்களையும் 30 நாட்களுக்குக் காலை மாலையாகப் பிரித்துத் தந்திருப்பது இதற்கு உதவும். கர்த்தருடைய ஜெபத்தை மட்டும் மெதுவாகச் சொல்லிவிட்டு எழுந்தாலும் அது ஜெபமே. விடுமுறை நாளில் மாற்கு சுவிசேஷத்தின் 16 அதிகாரங்களையும் ஒரே அமர்வில் வாசித்துப் பாருங்கள். துண்டு துண்டாக வசனம் எடுத்துப் பழகியவர்களுக்கு இயேசு என்ற ஆள் அப்போதுதான் முழுதாகத் தெரிவார். வறட்சியைக் காரணமாக வைத்துச் சபையை மாற்றாதீர்கள். உற்சாகம் அதிகமுள்ள கூட்டத்தைத் தேடி ஓசூரிலிருந்து பெங்களூரு வரை ஞாயிறுதோறும் போகிறவர்களை அறிவேன். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் உங்கள் குறைகளை அறிந்த மனிதர்கள் நடுவில் நிலைத்திருப்பதால் கிடைக்கும் வளர்ச்சி அப்படிக் கிடைப்பதில்லை.

இயந்திரத்தின் முன் நின்றுகொண்டு எப்படித் தேவனை நினைப்பது என்று கேட்பீர்களானால், பாரிஸ் நகரத்து மடம் ஒன்றின் சமையலறையில் 17-ஆம் நூற்றாண்டில் வேலை செய்த சகோதரர் லாரன்சை நினைத்துக்கொள்ளுங்கள். சமையல் வேலை அவருக்கு இயல்பிலேயே பிடிக்காதது. பாத்திரங்களின் ஓசை நடுவே தேவனோடு பேசப் பழகினார். முதல் பத்து ஆண்டுகள் தாம் மிகவும் துன்பப்பட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். உங்களுக்கு ஒன்பதுதான் ஆகின்றன.

முதல் வேலையாக, இன்றைக்கே அண்ணன் பெயரைச் சொல்லித் தொடங்குங்கள். அவருக்கு என்ன நன்மை வேண்டும் என்று நினைத்துப் பார்த்து அதைக் கேளுங்கள். பெயர் நாவில் தடையில்லாமல் வரும் நாளில் ஊருக்குப் போங்கள். போகும்போது வேதாகமத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டாம், நீங்கள் மன்னிக்க வந்ததாக அவருக்குத் தோன்றிவிடும். குத்தகைப் பேச்சையும் முதல் நாளே எடுக்க வேண்டாம். பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு, சாப்பாட்டு நேரத்துக்குப் போய்ச் சேருகிறபடி பேருந்து ஏறுங்கள். அண்ணி இலை போட்டால் மறுக்காமல் உட்காருங்கள்.